ருக்குவின் முறை

"மொதல்ல ஃபேனை நிறுத்துப்பா. தலைக்கு அடியில ரெண்டு தலகாணி வை. கண்ணை மூடிட்டு மேல ஈரப் பஞ்சு. அவ்வளவுதான். என் ஆத்துக்காரர் கிளம்பிட்டார்."

அந்தப் பக்கம் வேறு யாரோ போனை வாங்கினார்கள் போலிருக்கிறது. "பர்த்தாரம்மா, ஈகலே பர்த்தாரே" என்று, இதோ வந்துவிடுவார் என்பதைக் கன்னடத்திலும் ஒருமுறை சொல்லிவிட்டு, ருக்கு தடவிப் பார்த்து ரிசீவரை வைத்தாள்.

"ஏன்னா, ஜோகுபாளையத்துல ஒருத்தர் தவறிப் போயிட்டாராம். பையனே கூப்பிட்டான்."

சேஷகிரி அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை என் முறை வந்துடுமா?"

"பார்க்கலாம் ருக்கு. பிரேசர் டவுன்ல ஒரு குழந்தை காத்துண்டிருக்கு. அதுக்கப்புறம்..."

"சரி, குழந்தைக்கே ஆகட்டும்."

நாக்பூரிலிருந்து வந்திருந்த அவள் தம்பி சுந்தரேசன், காபி டம்ளரை டொக்கென்று கீழே வைத்தான். வந்ததிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். அக்கா கேட்பதும், அத்திம்பேர் நழுவுவதும்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவரைத் துரத்திக்கொண்டு போனான்.

"அத்திம்பேர், ஒரு நிமிஷம்."

"வந்து பேசலாம்டா. நேரமாச்சுன்னா கண் வீணாப் போயிடும்."

"இன்னும் எத்தனை பேருக்கு அப்புறம் அக்கா?"

சேஷகிரி ஸ்கூட்டரை ஒரு பக்கம் சாய்த்தார்.

கண்ணைக் கொடுத்தால் அடுத்த ஜென்மத்தில் குருடாய்ப் பிறப்போம் என்று அவரைக் கண்டதும் கதவைச் சாத்திய ஊர் இது. இன்றைக்குச் சாவு வீட்டுக்காரர்களே போன் செய்கிறார்கள். தெருத்தெருவாக அலைந்து அதை மாற்றியவருக்கு நாளைக்கு மல்லேஸ்வரத்தில் பாராட்டு விழா.

"நாளைக்கு உங்களுக்கு மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை வெச்சு, சந்தன மாலை போடப் போறா. நான் நடுவுல எழுந்து கேப்பேன். ஊருக்கெல்லாம் கண் வாங்கிக் கொடுக்கறவர், சொந்தப் பொண்டாட்டிய எதுக்கு இருட்டுலயே வெச்சிருக்கார்னு. பதிலைத் தயார் பண்ணி வெச்சுக்கோங்கோ."

"தாராளமாக் கேளு. அக்காவை மட்டும் அங்க அழைச்சிண்டு வராதே."

"அது வேறயா? இதுவரைக்கும் ஒரு கூட்டத்துக்காவது அவளைக் கூட்டிண்டு போயிருக்கேளா? பக்கத்துல நிறுத்திக்க வெட்கமா இருக்கோ?"

சேஷகிரி உதைக்கப் போன காலை இறக்கினார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாங்க மாத்தறது கருவிழியை மட்டும்தான் சுந்தரேசா. நரம்பு செத்துப் போனா, எத்தனை கண் வந்தாலும் பிரயோஜனமில்லை. எல்லாக் கூட்டத்துலயும் இதைச் சொல்லியாகணும். இல்லேன்னா பாவம், ஜனங்க வீணா நம்பிடுவா. உங்கக்காவுக்குச் செத்துப் போனது நரம்பு."

சுந்தரேசன் கேட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தொண்ணூத்தி மூணுல டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். அன்னிக்குத்தான் அதிதி பிறந்திருந்தா. பேத்தியை மடியில போட்டுண்டு, மூக்கையும் நெத்தியையும் தடவித் தடவி, 'யார் ஜாடை, யார் ஜாடை'ன்னு வர்றவாகிட்டயெல்லாம் கேட்டுண்டிருந்தா. ஆளுக்கொண்ணு சொன்னா. 'உன் முறை வரும், நீயே பாத்துச் சொல்லு'ன்னு வாயில வந்துடுத்து. அப்புறம் அதைத் திருப்பி எடுத்துக்க முடியலை. வீட்டுல உக்காரவும் முடியலை. முடிஞ்சவாளுக்காவது வாங்கிக் கொடுப்போமேன்னு கிளம்பினவன்தான் நான்."

"அத்திம்பேர்..."

"நீ கல்நெஞ்சன்னு திட்டு, மேடையில மாலையைப் பிடுங்கிப் போடு. அவ காதுக்கு மட்டும் இது போயிடக்கூடாது."

ஸ்கூட்டர் புகை கக்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. சுந்தரேசன் கேட்டைப் பிடித்தபடி நின்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

ருக்கு தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக் கொட்டையைத் தோல் போகப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ வாசல்ல கத்தினது இங்க வரைக்கும் கேட்டுது. நாளைக்கு மேடையில ஒண்ணும் கேக்க மாட்டியே?"

"இல்லக்கா."

"சொல்லிட்டாராக்கும்."

"என்னத்தை?"

"நரம்பைத்தான்."

சுந்தரேசன் அப்படியே அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டான்.

"போன ஆடியில ரேடியோல பேசினார். நான் கோவிலுக்குப் போற நேரமாப் பாத்துதான் ஒத்துண்டிருக்கார். அன்னிக்குப் பாழாப்போன மழை, நான் போகலை. பக்கத்தாத்து பிரபா வீட்டுல ஓடிண்டிருந்தது. நன்னாத்தான் பேசினார். எனக்கே புரியற மாதிரி. நரம்பு செத்துப்போனா வெளிச்சங்கூடத் தெரியாதுன்னார், எனக்கு அதுவும்தான் தெரியலையே."

"அப்பவே தெரியுமா உனக்கு? தெரிஞ்சுமா ஒவ்வொரு போனுக்கும் என் முறையா, என் முறையான்னு கேக்கறே?"

ருக்கு கையிலிருந்த பருப்பைக் கிண்ணத்தில் போட்டாள். அடுத்ததைத் தடவி எடுத்தாள்.

"அதிதி மூஞ்சியைப் பாக்கணும்னு இன்னிக்கும் ஆசையாத்தான் இருக்கு. அது போகவே மாட்டேங்கறது, என்ன பண்ண?"

"அதுக்கில்லக்கா..."

"நான் கேக்கறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவர் புரிஞ்சுண்டுடுவார். நொறுங்கிப் போயிடுவார். அப்புறம் அவரால இன்னொருத்தர் ஆத்து வாசல்ல போய் நின்னு கண்ணைக் கேக்க முடியுமாடா?"