பாலமா, பள்ளிக்கூடமா?

“பாலம் வேணுமா, பள்ளிக்கூடம் வேணுமா? ரெண்டுல ஒண்ணுதான்.”

கேட்டுவிட்டு, மைக்கைப் பிடித்தபடி ஐந்து விநாடி சும்மா நின்றார் பிரெண்ட் கார்வர். மில்ஃபோர்க் ஊர் மொத்தமும் யோசிக்க ஆரம்பித்தது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மார்ச் மாதத்து முதல் செவ்வாய். ஊரே கூடிப் பேசி ஓட்டுப் போடும் ஊர்ச் சபைக் கூட்டம். பிரெண்ட் கொண்டுவந்த தீர்மானம் இதுதான்: ஊர்ப் பள்ளியை மூடிவிட்டு, இருபத்துமூன்று குழந்தைகளையும் பஸ்ஸில் பக்கத்து ஊர் ஸ்டாக்வெல்லுக்கு அனுப்ப வேண்டும்; அதில் மிச்சமாகும் ஊர் வரிப் பணத்தில் பாலம் கட்ட வேண்டும். கூட்டம் நடந்துகொண்டிருந்ததே அந்தப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில்தான். பெரியவர்கள் எல்லாரும் சேறு அப்பிய பூட்ஸோடு குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முட்டி மடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

“பாலத்துக்கு மாநில அரசு பணம் தருது. அப்புறம் என்ன ரெண்டுல ஒண்ணு?” என்று முணுமுணுத்தாள் டீச்சர் லினெட்.

“என்கிட்ட ஏன்டி சொல்றே? எந்திரிச்சு அவன்கிட்ட சொல்லு,” என்று இடித்தாள் பக்கத்தில் இருந்த அவள் தோழி டாட்டி.

லினெட் எழுந்து சொன்னாள். குரல் நடுங்கியது. முடிப்பதற்குள் பிரெண்ட் சிரித்துவிட்டார்.

“தலைவரே, டீச்சர் என்ன சொல்ல வர்றாங்க? வயசானவங்க வீட்டை வித்தாவது வரி கட்டட்டும்ங்கிறாங்க.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே.”

“பாத்தீங்களா, கோவம் வருது. வராதா பின்னே? அவங்க வேலையில்ல போகுது.”

கூட்டம் சிரித்தது. லினெட் காது சிவக்க உட்கார்ந்தாள்.

“நீ சொல்லாததை உன் வாயில திணிச்சு, அதை நாலு சாத்து சாத்தினான். பத்தாததுக்கு உன் மேலயும் பாய்ஞ்சுட்டான்,” என்றாள் டாட்டி. “மூஞ்சியைப் பாரு. வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பழகியிருப்பான்.”

“என் வேலை கிடக்குது டாட்டி. அஞ்சு வயசுக் குழந்தைங்க விடியக்காலை ஆறு மணிக்குப் பனியில நின்னு பஸ் ஏறணும். அதைச் சொல்லத்தான் எந்திரிச்சேன். அதுக்குள்ள சிரிச்சு உக்கார வெச்சுட்டாரு.”

“வேறு யாராவது பேசணுமா?” என்று கேட்டார் சபைத் தலைவர்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஆர்வில் டக்கர். கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. ஊரிலேயே பெரிய வாய் அவருடையது.

“தலைவரே, நான் பிரெண்ட் கட்சி.”

“போச்சு. எல்லாம் முடிஞ்சுது,” என்றாள் லினெட்.

“பிரெண்ட் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நம்ம ஊர்ப் புள்ளைங்க மண்டைக்கு டீச்சரே தண்டம்னாரு பாருங்க, அது உண்மை.”

“நான் அப்படிச் சொல்லலை,” என்றார் பிரெண்ட்.

“கூச்சப்படாதீங்க. ஸ்டாக்வெல்காரன் நம்மளைவிட புத்திசாலி. ஐஸ் ஹாக்கியில வருஷா வருஷம் நம்மளைப் புரட்டி எடுக்கிறான். புள்ளைங்க அங்க போயாவது உருப்படட்டும்.”

“உக்காருய்யா ஆர்வில்,” என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

“எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. இருக்கா இல்லையா தலைவரே?”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இருந்தது.

“இன்னிக்குப் பள்ளிக்கூடம். அடுத்த வருஷம் தீயணைப்பு நிலையம். அதுக்கடுத்து நூலகம். எல்லாத்தையும் ஸ்டாக்வெல்லுக்குத் தூக்கிக் குடுத்துட்டு நாம நிம்மதியா மாடு மேய்க்கலாம். அதானே பிரெண்ட், உங்க திட்டம்?”

சுவர் ஓரமாக நின்றிருந்த தீயணைப்புத் தொண்டர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு பிரெண்டை முறைத்தார்கள்.

“ஆர்வில், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். எனக்கு ஆதரவு தராதீங்க.”

“ஏன் தரக்கூடாது? இன்னிக்கு மத்தியானம் நமக்குப் போட்ட ஆப்பிள் பை பலகாரம் இருக்கே, ஸ்டாக்வெல்ல அதைப் பன்னிக்குத்தான் வைப்பாங்க. அவங்களோட சேர்ந்தா நல்ல பலகாரமாவது கிடைக்கும். பிரெண்ட் அதையும் யோசிச்சுத்தான் சொல்றாரு.”

அந்த ஆப்பிள் பையைச் சுட்டுவிட்டுச் சமையலறை வாசலில் ஏப்ரனோடு நின்றிருந்த ஆறு பெண்கள் ஓட்டுப் பெட்டியை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். பிரெண்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

சீட்டுகளை எண்ணி முடித்துத் தலைவர் வாசித்தார். மூடலாம் என்றவர்கள் அறுபத்தெட்டு. கூடாது என்றவர்கள் நூற்று நாற்பத்திரண்டு.

கூடம் அதிர்ந்தது. டாட்டி லினெட்டைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். குட்டி நாற்காலி ஒன்று உருண்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மத்தியானம் விற்றதுபோக மீதமிருந்த ஆப்பிள் பையை எல்லாருக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள். பிரெண்ட் தன் காகிதங்களைக்கூட எடுக்காமல் கிளம்பிப் போயிருந்தார்.

வாசலில் ஆர்வில் தனியாக நின்று கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். ஊரில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெற்றிக் களிப்பில் லினெட்டுக்கு இப்போது குரல் நடுங்கவே இல்லை.

“ரொம்ப நன்றி ஆர்வில். நீங்க வாயைத் திறந்தீங்க, நாங்க ஜெயிச்சோம்.”

ஆர்வில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாழ்நாளிலேயே முதல் முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்:

“முப்பது வருஷமா நான் எந்தப் பக்கம் பேசினாலும் இந்த ஊரு அந்தப் பக்கத்தைக் கவுத்துடும் டீச்சர். இன்னிக்கு பிரெண்ட் ஜெயிக்கிற மாதிரி தெரிஞ்சுது, அதான் அவர் பக்கம் பேசிட்டேன்.”