ஏழாம் பாத்தி

செயலாளரின் வலது செருப்பு ஏழாம் பாத்திக்குள் போனது. கால் மட்டும்தான் திரும்பி வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் எங்கேயாவது தையல் பிரிந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

மாதக் கடைசி ஞாயிறு, எங்கள் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் சங்கச் செயலாளரின் சோதனை நாள். இருபது பாத்திகள், இருபது குடும்பங்கள். பாதிக்கு மேல் செத்துப்போன பாத்தி, பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

அந்த அடுத்தவன் நான்தான். மூன்று வருடமாக அடுத்தவன்.

மூன்று வருடமாகப் பழைய பெயின்ட் வாளியில் கொத்தமல்லி வளர்த்துக்கொண்டிருக்கும் தையல்காரன். அன்றைக்குச் சட்டைப் பையில் வெண்டை விதையோடு வந்திருந்தேன். ஏழாம் பாத்தியில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எத்தனை மணிக்கு நகரும் என்பதுவரை எனக்கு அத்துப்படி.

பாத்திக்குச் சொந்தக்காரர் எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடக்கிறார். அவரை நல்ல மனுஷன் என்று யாரும் வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை. குழாயடியில் சண்டை, வேலியோரம் சண்டை, ஒருமுறை மண்புழு யாருடையது என்று சண்டை.

அவர் விழுந்த மறுநாள் தோட்டமே கூடிப் பேசியது. அந்தப் பாத்திப் பக்கம் இனி ஒருத்தரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று முடிவானது.

இப்போது அவருடைய மனைவி வரப்பில் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் முகம் கறுத்துப் போயிருந்தது. காலையில் கண் விழித்ததும் கணவர் கேட்கும் முதல் கேள்வி, தக்காளி பழுத்துவிட்டதா என்பதுதானாம். வலி மாத்திரைகூட அப்புறம்தானாம்.

தக்காளி பழுக்கவில்லை. செடிகள் மஞ்சளாகித் தொங்கின. செயலாளர் ஒன்றை லேசாகத் தொட்டார். அழுகிய வேரோடு அது கையோடு வந்துவிட்டது.

"யாரு இதுக்கு இவ்ளோ தண்ணி ஊத்தினது?"

ஆளாளுக்குத் தங்கள் பாத்தியைக் குனிந்து பார்த்தார்கள்.

கடைசியில் நான்காம் பாத்தி நர்ஸ்தான் வாயைத் திறந்தார். தன் வேலியைச் சாய்த்த பூசணிக்கொடிக்காக எலக்ட்ரீஷியனை நாள் தவறாமல் கரித்துக்கொட்டியவர். டியூட்டிக்குப் போகிற வழியில் ஒரே ஒரு வாளி ஊற்றினாராம். பாவமாக இருந்ததாம்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பத்து மணிக்கு ஒரு வாளி.

எட்டாம் பாத்திக்காரர் மதியம் ஒரு வாளி, மனைவிக்குத் தெரியாமல். மனைவி சாயங்காலம் ஒரு வாளி, கணவருக்குத் தெரியாமல். இரண்டு பேரும் அன்றைக்குத்தான் பெண் பார்க்கும் நாள் என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இலை தொங்கியதும், தாகமாக்கும் என்று நினைத்து எல்லோரும் வாளியை இரண்டாக்கியிருக்கிறார்கள்.

செயலாளர் தன் ஒற்றைச் செருப்பைப் பார்த்தபடியே தானும்தான் என்றார். அவர் வாளியோடு நிறுத்தவில்லை. விடியற்காலையில் குழாயைப் போட்டுவிட்டு நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறார்.

எலக்ட்ரீஷியனின் மனைவி சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். இத்தனை பேர் தனக்காகத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று தெரிந்தால், அவர் இந்த இடுப்போடு எழுந்து சண்டைக்கு வந்துவிடுவார் என்றார்.

பிறகு எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியது. செடி செத்தால் லாபம் எனக்குத்தானே.

நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை என்றேன். சத்தியமான உண்மை.

அந்த அம்மா என் பக்கத்தில் வந்தார்.

"தெரியும்ண்ணா. நீங்க ஒருத்தர்தான் அதைச் சும்மா விட்டீங்க. நீங்களே எடுத்துக்கங்க. அவருக்காக ஒரே ஒரு தக்காளிச் செடி மட்டும் வைங்க, போதும்."

தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம், மாடியில், என் கடை ஜன்னல் தெரிந்தது.

என் மெஷின் அந்த ஜன்னலோரம்தான் இருக்கிறது. மூன்று வாரமாக விடியற்காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்து இந்த ஐந்து பேரையும் எண்ணிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மிஞ்சி இரண்டு தடவை என் கொத்தமல்லி செத்திருக்கிறது. இலை மஞ்சளாகும்போதே எனக்குத் தெரியும். அவர்களில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மண் காய இன்னும் இரண்டு வாரமாவது ஆகும், பொறுத்துக்கொள்வீர்களா என்று செயலாளர் கேட்டார்.

அதற்கென்ன, சும்மா உட்கார்ந்து காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான் என்றேன்.