ஐம்பத்தோரு தட்டு

"சீர்ல முன்னாடி வர்ற தட்டுங்க மெதுவா வரணும் தம்பி. பின்னாடி வர்ற தட்டுங்க வேகமா போயிடணும். கம்ப்யூட்டர்ல முடியுமா?"

நாற்காலியில சரியா உக்காரக்கூட இல்லை, அதுக்குள்ள அந்தம்மா ஆரம்பிச்சிட்டாங்க. நாப்பத்தஞ்சு வயசிருக்கும். சாதாரண காட்டன் புடவை, கழுத்துல மெல்லிசா ஒரு சங்கிலி.

அரிகிருஷ்ணனுக்கு எரிச்சலா வந்தது. நெல்லித்தோப்புல இந்த மாடி ரூம்ல எடிட்டிங் பண்ண ஆரம்பிச்ச நாலு வருஷத்துல இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்துட்டான்! என்னை நிறைய காட்டு, அவளை வெட்டிடுன்னு வர்றவங்கதான் பாதிப் பேர்.

அந்தம்மா தேடி வந்த கேசட்டு, பூர்ணிமாங்கிற பொண்ணோட மஞ்சள் நீராட்டு விழா. கேமராக்காரர் சக்கரபாணி போன மாசமே கொடுத்துட்டுப் போனது. நேத்துதான் கம்ப்யூட்டர்ல ஏத்தினான். இன்னும் முழுசா பார்க்கலை.

சீர் வர்ற இடத்தைப் போட்டான்.

முதல்ல தாய்மாமன் சீர். ஏழே ஏழு தட்டு. இருபது செகண்டுல முடிஞ்சிடுச்சு. ஒட்டுனாப்புல பின்னாடியே அத்தை சீர். பேண்டு வாத்தியம் முழங்க ஐம்பத்தோரு தட்டு, அஞ்சு நிமிஷம் வந்துக்கிட்டே இருக்கு. அதுக்கு முன்னால, உடம்பெல்லாம் நகையும் பாதி மூஞ்சியை மறைக்கிற கூலிங்கிளாசுமா ஒரு அம்மா கையாட்டிக்கிட்டு வர்றாங்க. வெள்ளை ஃபிரேம் போட்ட கூலிங்கிளாஸ், பளிச்சுன்னு தெரியுது.

"இவங்கதான் பொண்ணோட அத்தையாம். பாரீஸ்லேர்ந்து வந்தாங்களாம். சக்கரபாணி அண்ணன் சொன்னாரு" என்றான். வாய் சும்மா இருக்கலை. "மண்டபத்துக்குள்ள சீர் தூக்கிட்டு வரும்போது கூலிங்கிளாஸ் என்னாத்துக்குக்கா? என்னா அலட்டல்!"

"அலட்டல்தான்" என்றாங்க அந்தம்மா. "அவளைத்தான் வேகமா ஓட வுடணும்."

சரி, இது மாமன் வூட்டு ஆளு, பணக்கார அத்தை மேல பொறாமைன்னு அரிகிருஷ்ணன் முடிவே கட்டிட்டான்.

"அக்கா, காசு கொடுத்து வீடியோ எடுத்தவங்க சண்டைக்கு வந்தா நான் என்னா பதில் சொல்றது? அந்தப் பாரீஸ் அம்மா வந்து கேட்டாங்கன்னா?"

"வரமாட்டா. அடுத்த வாரம் பிளேன் ஏறிடுவா. கேட்டா என் மேல பழியைப் போடு."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாங்க. மாமன் பேரு முருகையன். உழவர்கரையில லேத் பட்டறையில வேலை. அக்கா பொண்ணு சீருக்காக ஆறு மாசம் ஓவர்டைம் பார்த்தானாம். ஏழு தட்டோட வந்து நிமிர்றதுக்குள்ள பின்னாடியே ஐம்பத்தொண்ணு வந்து நின்னுடுச்சு. பந்தியில யாரோ ஏழையும் ஐம்பத்தொண்ணையும் எண்ணிச் சிரிச்சாங்க. இலையில கை வைக்காம எழுந்து போனவன்தான், இன்னிக்கு வரைக்கும் அக்கா வூட்டுப் படி ஏறலை.

"ஞாயித்துக்கிழமை எப்படியோ கெஞ்சிக் கூட்டிட்டு வராங்க தம்பி. வந்தா சொந்தக்காரங்க எல்லாரும் உக்காந்து சிடி போட்டுப் பார்ப்பாங்க. அவன் மறுபடியும் தலை குனியக் கூடாது. இப்பயும் எழுந்து போனான்னா அப்புறம் வரவே மாட்டான்."

அரிகிருஷ்ணனுக்கு மனசு கொஞ்சம் இளகிடுச்சு. மவுசைப் பிடிச்சான்.

ஏழு தட்டு வர்ற கிளிப்பை எடுத்து, நூறுல இருந்த வேகத்தை ஐம்பதாக்கினான். படம் விட்டு விட்டு நகர்ந்தது. அறுபது வெச்சுப் பார்த்தான், பதமா வந்தது. இழுபட்ட சத்தத்தை எடுத்துட்டு நாதஸ்வரத்தைச் சேர்த்தான். மெதுவாக்கினதும்தான் முருகையனோட முகமே தெரிஞ்சது. பாவாடை தாவணி வெச்ச தட்டை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு, மேடையில இருக்கிற பொண்ணைப் பார்த்து வாயெல்லாம் பல்லா சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை முன்னாடி கவனிக்கவே முடியலை. அவ்வளவு சீக்கிரம் ஓடிப் போயிருக்கு.

அந்தம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க. "இவ்ளோ சந்தோசமாவா வந்தான் பாவி!"

அடுத்து அத்தை சீர். வேகத்தை நானூறு ஆக்கினான். பேண்டுக்காரங்க துள்ளினாங்க. தட்டுங்க எல்லாம் குடுகுடுன்னு ஓடிச்சு. கூலிங்கிளாஸ் அம்மா எலி மாதிரி விறுவிறுன்னு ஓடி, கையைப் படபடன்னு ஆட்டிட்டு மறைஞ்சாங்க.

"ரொம்பக் கோமாளித்தனமா இருக்குக்கா. பாக்குறவங்க அந்தம்மாவைப் பார்த்துதான் சிரிப்பாங்க. கொஞ்சம் குறைச்சிடவா?"

"வேணாம், இருக்கட்டும்" என்றவங்களுக்கும் சிரிப்பு வந்துடுச்சு. "முருகையனைப் பார்த்துச் சிரிச்சாங்கல்ல? இப்ப இவளைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

ஆனாலும் இவங்களுக்கு இவ்வளவு வன்மம் ஆகாதுன்னு நெனைச்சிக்கிட்டே அரிகிருஷ்ணன் சேவ் பண்ணினான். சனிக்கிழமை சாயங்காலம் சிடி ரெடியாயிடும்னு சொன்னான்.

"மெர்சி தம்பி. வரேன்."

மெர்சியா? பிரெஞ்சுல நன்றி சொல்ற வார்த்தையாச்சே! அரிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தான்.

வாசல்ல வெயில் சுள்ளுன்னு அடிச்சது. படியில கால் வெச்ச அந்தம்மா, நின்னு, கைப்பையைத் துழாவி எதையோ எடுத்து மாட்டிக்கிட்டாங்க.

வெள்ளை ஃபிரேம் போட்ட அதே கூலிங்கிளாஸ்.