தண்ணி மட்டும்

விமானத்தின் முன்பகுதியில், கட்டிலாக விரியும் இருக்கையில் அக்கா ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். விலாவுக்குக் கீழே தையல் போட்ட இடம் இன்னும் சுருக்கென்கிறது. இவ்வளவு தூரம் உட்கார்ந்தே வர அவளால் முடியாதென்று தம்பிதான் பிடிவாதமாக பிசினஸ் கிளாஸில் டிக்கெட் எடுத்தான். நடுத்தடுப்பை இறக்கிவிட்டதில், பக்கத்து இருக்கையில் அவன் முகம் தெரிகிறது. அவள் கொடுத்த சிறுநீரகம் அவனுக்குள் வேலை பார்க்கத் தொடங்கிவிட்டது. பணிப்பெண் பழரசம், காபி, வைன் என்று அடுக்குகிறாள். "தண்ணி மட்டும் போதுங்க," என்கிறான். கனத்த கண்ணாடி டம்ளர் வருகிறது. ஜன்னல் வழியே வரும் காலை வெயில் அந்தத் தண்ணீரில் பட்டு, கூரையில் ஒரு வெளிச்சத் துண்டாக நடுங்குகிறது. ஒரு மிடறு குடிக்கிறான். மீதி எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறான். டயாலிசிஸ் நாட்களில் தண்ணீரை அளந்து அளந்து குடித்த பழக்கம், விட மாட்டேன் என்கிறது. "ஏன்டா வச்சிட்ட? இப்பதான் டாக்டரே நிறைய குடிக்கச் சொல்லிட்டாரே. குடி." அவன் டம்ளரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மடமடவென்று குடிக்கிறான். தொண்டை ஏறி இறங்குவதை அக்கா இமைகொட்டாமல் பார்க்கிறாள். வாயைத் துடைத்துக்கொண்டு, மிட்டாய் கேட்கும் பிள்ளைபோல் தயங்குகிறான். "இன்னொரு டம்ளர் கேக்கட்டுமாக்கா?" "ஜக்கோட கேளுடா," என்று சொல்லி, அக்காவே கையை நீட்டி அழைப்பு மணியை அழுத்துகிறாள்.