அழைத்தவர்

நண்பகலில் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றபோது, கனகவல்லி கணவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து சிங்காரத்துக்குக் கை கால் அசைவதில்லை. பேச்சும் இல்லை.

"நாங்க யாரும் கூப்பிடலையே."

"ஒரு ஆம்பளதான் போன் பண்ணாரு. வீட்டுக்காரிக்குக் காலையிலேர்ந்து இடது தோள்ல வலி, வேர்த்துக் கொட்டுது, மறைக்கிறாள்னு சொன்னாரு" என்றாள் ஆம்புலன்ஸில் வந்த செவிலி மெர்லின்.

வலியைப் பற்றிக் கனகவல்லி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வாயுப்பிடிப்பு என்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் குடித்திருந்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்த மெர்லினின் முகம் மாறியது.

"ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்கும்மா. உடனே கிளம்பணும்."

பக்கத்து வீட்டு யசோதையைச் சிங்காரத்தின் அருகில் உட்காரவைத்துவிட்டு அவளை வண்டியில் ஏற்றினார்கள். தெருமுனை திரும்பியதும் மெர்லினின் போன் அடித்தது.

"கூப்பிட்டவருதான். உங்ககிட்ட பேசணுமாம்."

கனகவல்லி போனைக் காதில் வைத்தாள்.

"வல்லி" என்றது குரல்.

அவளை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. எப்படி என்று அவள் கேட்கவில்லை. கண்களை மூடிக்கொண்டாள்.

"வைச்சிடாதீங்க. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க" என்றாள்.