பேங்க் மாப்பிள்ளை

1988-இல் செஞ்சியில் ஒரு மாடியறையைப் பிடித்து, வீடியோ கேம் கம்பெனி தொடங்கியிருந்தான் மதியரசு. அவன் அப்பா தங்கராசுவுக்கு அதை வெளியே சொல்லவே கூச்சம்.

"பொண்ணு வூட்ல கேட்டா பேங்க்ல வேலைன்னு சொல்லு. கேம் கீம்னு வாயத் தொறக்காத."

"பொய் சொல்லணுமா நைனா?"

"கல்யாணம் ஆவணுமா, வேணாமா?"

பாண்டிச்சேரியிலிருந்து வந்த பெண்ணின் அப்பா காபியைக் குடித்துவிட்டு, "மாப்ள இன்னா பண்றாரு?" என்றார்.

"பேங்க்ல ஆபீசருங்க" என்றார் தங்கராசு.

வந்தவர் முகம் வாடியது. "அடடா! புரோக்கர் வூடு மாத்திச் சொல்லிட்டாரு போலருக்குது. எம் பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சது. செஞ்சியில வீடியோ கேம் பண்ற பையனத்தான் கட்டிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது."

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். தங்கராசு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"உக்காருங்க சம்பந்தி! பேங்க் வேலைய இன்னிக்குக் காலையிலதான் வுட்டுட்டான்!"