செங்கோடன் ஊதியது

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை எங்களைக் குழாயில் ஊதச் சொல்வார்கள். மூச்சு குறைந்தவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. கம்பவுண்டர் தலை நிமிராமல் பெயரை எழுதுகிறவர் என்பதால், எங்கள் பகுதியில் பதினோரு பேருக்கும் செங்கோடனே ஊதினான். கிணற்றில் விழுந்த வாளியை ஒரே மூச்சில் மூழ்கி எடுத்து வருகிறவன் அவன். கடைசிப் பரிசோதனையில் அவனை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் அவன் செத்தான். கம்பெனியையும் மூடிவிட்டார்கள்.

இப்போது எங்களுக்கு நஷ்டஈடு தர ஒரு அறக்கட்டளை இருக்கிறது. அதை இரண்டாவது மாடியில் வைத்திருக்கிறார்கள். படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து போய்ச் சேர்ந்தேன். அதிகாரி பழைய ஃபைலைப் புரட்டினார்.

"கடைசி வரைக்கும் மூச்சு நல்லாத்தான இருந்திருக்கு பெரியவரே. இந்தச் சீக்கு கம்பெனியில வந்ததில்லை."

"அது என் மூச்சு இல்லீங்க சார். செங்கோடனோடது. எங்க எல்லாருக்கும் அவன்தான் ஊதினான்."

பொறுமையான மனிதர்தான். செங்கோடனின் ஃபைலையும் வரவழைத்துப் பார்த்தார்.

"மூச்சு போதலைன்னு இவரை நிறுத்தியிருக்காங்க. தனக்கே மூச்சில்லாதவர் உங்களுக்கு எப்படிங்க ஊதியிருப்பார்?"

எங்கள் பதினோரு பேருக்கும் ஊதி முடித்த பிறகுதான் அவன் தனக்கு ஊதுவான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் முந்திக்கொண்டது. அது அடங்குவதற்குள் அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.